ஒன்பதின்மரின் முதுகு

கோகுரா,
ஜூன் 14

அன்புள்ள தம்பி நவோயாவுக்கு,

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. துணியும் காயவில்லை, என் இடுப்பு வலியும் தீரவில்லை. மற்றபடி நானும் உன் அத்தானும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? பக்கத்து வீட்டு ஹோஷினோ அம்மா வாசலில் வைக்கும் கத்தரிக்காய் மறுநாள் காணாமல் போய்விடுகிறதாம். அதை வைத்துத்தான் நீ சாப்பிடுகிறாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

போனை எடுக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். எதிரிலுள்ள தபால் பெட்டிக்கு மட்டும், தெருவில் ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்னால் போய்வருகிறாயாம். பன்னிரண்டு வருடமாக மாடி அறையே கதி என்று கிடக்கிறவனுக்கு அந்தச் சிவப்புப் பெட்டி ஒன்றாவது உறவாக இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தானின் ஆலையில் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் நான் குனிந்து நிமிர்ந்து சம்பாதிப்பதில் இரண்டு வீடு ஓடாது. புது வருடத்துக்குப் பிறகு உனக்குப் பணம் அனுப்ப முடியாது. எப்படி எழுதிப் பார்த்தாலும் கசப்பாகவே வருகிறது. அதனால் நேராக எழுதிவிட்டேன்.

உன்னிடம் அந்த ஒன்பது கார்டுகள் இருக்கின்றனவே. நீ சின்ன வயதில் உயிரை விட்ட மேகக்கோட்டை ஆட்டத்தின் முதல் பதிப்பு. ஒன்பதின்மர் என்று பட்டப்பெயர் வேறு. அதில் ஒன்றை இறக்கினால் எதிராளி எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்பாய். இப்போது ஒரு கார்டு ஒரு கார் விலைக்குப் போகிறதாமே. அம்மா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது உனக்குத் தெரியுமா? "நவோவ நினைச்சு எனக்குப் பயமில்ல. அவன்கிட்ட அந்த ஒன்பது இருக்கு. அது அவனப் பாத்துக்கும்." அந்த நிம்மதியில்தான் போனாள்.

விற்றுவிடு. பிறகு இன்னொன்று. மார்ச் பத்தாம் தேதி அம்மாவின் மூன்றாம் ஆண்டுத் திதி. காரியத்துக்கும் நீ இறங்கி வரவில்லை, முதலாண்டுக்கும் வரவில்லை. கோயில் நம் தெருமுனையில்தான் இருக்கிறது. இந்த முறை வா. அம்மாவுக்காக நான் உன்னிடம் கேட்கிற ஒரே காரியம் அது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா ரிட்சுகோ


நகவோகா,
ஜூலை 3

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கேயும் மழை. குளியலறைச் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது, துடைத்தேன்.

மழைக்காலத்தில் கார்டுகளை வெளியே எடுக்கக் கூடாது. ஈரம் பட்டால் அம்மா வேலை பார்த்த பலகார ஆலையின் அரிசி வில்லை மாதிரி வளைந்துவிடும். வளைந்த கார்டைக் கடைக்காரர்கள் தொட மாட்டார்கள். மழை நிற்கட்டும்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? பெரிய பானைகளைத் தனியாகத் தூக்காதே. அத்தானுக்கு என் வணக்கம்.

நவோயா


கோகுரா,
ஆகஸ்ட் 19

அன்புள்ள நவோயாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். வெயில் இன்னும் தணியவில்லை, நீ ஜன்னலையாவது திறந்து வை.

முன்னோர் பூசைக்கு அத்தனை தூரம் ரயிலேறி வந்து, நான் பேசிவிட்டுத் திரும்பியது ஒரு மூடிய கதவோடு. பார்த்த முகம் ஹோஷினோ அம்மாவுடையது மட்டும்தான். கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது என்ன பேசினோம் என்று ரயிலில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

"டேய் நவோ, கதவத் திறடா. உன் மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு."

"வேணாம்க்கா. உள்ள ஒரே குப்பை."

"குப்பையா? நான் ஆறு பள்ளிக்கூடத்துக்குச் சமைச்சுட்டு மிச்சத்த அள்ளிக் கொட்டறவ. உன் குப்பை எந்த மூலைக்கு?"

நீ சிரித்தாய். கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. பொய் சொல்லாதே, சிரித்தாய்.

"கார்ட என்ன பண்ணின?" என்று கேட்டதும் அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு நீ கேட்டது ஒரே கேள்வி: "இந்த வருஷம் ஆத்தங்கரை வாணவேடிக்கை எப்படி இருந்துச்சாம்?" எனக்கு எப்படித் தெரியும், நான் வருவதற்கு முன்பே முடிந்துபோன திருவிழா. உன் ஜன்னலிலிருந்து தெரியுமே அது. திரையை விலக்கினால் போதும்.

அப்பா படத்துக்குக் கீழே கார்டுப் பெட்டி இருந்தது. அம்மா கடைசி வருடங்களில் அதைத் தன் கையாலேயே அங்கே வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாளாம், ஹோஷினோ அம்மா சொன்னார்கள். உன்னைக் கேட்காமல் திறக்கக் கூடாதென்று தொடாமல் வந்துவிட்டேன். மழை நின்று நாளாகிறது. அந்தச் சாக்கு இனிச் செல்லாது.

களைப்பாக இருக்கிறது, இங்கேயே நிறுத்துகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


நகவோகா,
செப்டம்பர் 8

அக்காவுக்கு,

நலம். நெல் அறுப்பு தொடங்கிவிட்டது, யந்திரச் சத்தம் கேட்கிறது.

கார்டு விலை இன்னும் ஏறும் என்கிறார்கள். இப்போது விற்பது புத்திசாலித்தனம் இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

நீ தட்டில் வைத்துவிட்டுப் போன மூங்கிலிலைக் கொழுக்கட்டை நன்றாக இருந்தது. இடுப்பு எப்படி?

நவோயா


கோகுரா,
செப்டம்பர் 25

நவோயா,

என் இடுப்பைப் பற்றி விசாரிக்க வேண்டாம். அது வலிக்கிறது, வலிக்கும்.

நேற்று சமையல்கட்டில் குழம்புப் பானையைத் தூக்கும்போது கை விட்டுவிட்டது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. மேற்பார்வையாளர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். "வயசாயிடுச்சு அக்கா, பாத்து" என்றாள். வெளியே போய்ப் பின்கட்டில் நின்று அழுதுவிட்டு வந்து மறுபடி பானையைத் தூக்கினேன்.

நீ புதையல் மேல் படுத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்கிறாய். அம்மா உனக்கு ஒன்பது கார்டுகளை வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வைத்துவிட்டுப் போனது உன்னைத்தான். நான் உன்னை விற்க முடியாது. நீ அதையாவது விற்கலாமே.

உனக்கு முடியாதென்றால் எனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு. இங்கே ஸ்டேஷன் பக்கம் கார்டு கடை இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் நான்தானே பார்த்துக்கொள்கிறேன்.

ரிட்சுகோ


நகவோகா,
நவம்பர் 2

அக்காவுக்கு,

பதிவுத் தபால் என்றால் பெட்டியில் போட முடியாதாம், ஆள் நேரில் போய்க் கொடுக்க வேண்டுமாம். அதனால் தாமதமாகிவிட்டது. தபால் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. நின்றேன்.

ஒன்பதும் இதில் இருக்கின்றன. பார்த்துக்கொள்.

நவோயா


கோகுரா,
நவம்பர் 16

என் அன்புத் தம்பிக்கு,

குளிர் வந்துவிட்டது. உன் பக்கம் முதல் பனி விழுந்திருக்கும். போர்வையை வெயிலில் போட்டாயா?

பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. என் கை அரிசியும் எண்ணெயும் புழங்குகிற கை, கறை பட்டுவிடுமே என்று சாப்பாட்டுப் பையில் அப்படியே வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பெயர் குரோதா. நரைத்த குடுமியும் இடுப்பில் ஏப்ரனும். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பிரித்தார். முதல் கார்டைப் பார்த்ததும் என் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, இதையா சோத்துப் பையில போட்டுக் கொண்டாந்தீங்க? இது கருநிலாங்க! ஓரம்கூடத் தேயல. உக்காருங்க, உக்காருங்க, டீ சாப்பிடுங்க."

எனக்கு நாற்காலி போட்டார்கள். கடையிலிருந்தவர்கள் எல்லாரும் கிட்டே வந்துவிட்டார்கள். ஒன்பதையும் வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். கடைசியில் இருந்த மீள்பொழுது என்ற கார்டை இறக்கினால் ஆடுகிறவனுக்கு இன்னொரு முறை கிடைக்குமாம். அதைச் சொல்லும்போது அவர் குரலே தழைந்துவிட்டது. நான் மனதுக்குள் புது வீட்டுக் கூரை போட்டேன், வேலையை விட்டேன், உனக்குப் பல் கட்டினேன்.

"இப்ப முதுகப் பாத்துடறேன்" என்று முதல் கார்டைத் திருப்பினார். கை அப்படியே நின்றது. அடுத்ததைத் திருப்பினார். அடுத்ததை. கிட்டே வந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள்.

"யாருங்க இந்த மட்சுனாகா நவோயா?" என்றார்.

மட்சுனாகா நவோயா, ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு. கறுப்பு மார்க்கர் பேனாவில். கடைசி எழுத்தின் வாலைக் கொஞ்சம் இழுத்துவிடும் அந்தக் கையெழுத்து. ஒன்பதிலும். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது கணக்குப் பெட்டிக் குச்சி ஒவ்வொன்றிலும் என் பெயரை எழுதிய கை அது. எல்லா அம்மாக்களும் எழுதினார்கள். நம் அம்மா அழிப்பான் தூளுக்குக்கூடப் பெயர் எழுதியிருப்பாள்.

"அழிச்சுட முடியாதாங்க?" என்று கேட்டேன்.

"ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா அச்சும் சேந்து வந்துடும்மா. அதுக்கு இது தேவலை."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, இரண்டும் ஒன்றாக வந்தன. குரோதா கையுறையைக் கழற்றிவிட்டு எனக்குக் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். டீக்குக் காசு வாங்கவில்லை.

இது உனக்கு முதலிலிருந்தே தெரியும். மழை என்றாய், விலை ஏறும் என்றாய். புதையல் மேல் படுத்திருக்கிறாய் என்று நான் ஏசியபோதும் பேசாமல் இருந்தாய். ஏன்டா சொல்லவில்லை?

பதில் எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


நகவோகா,
டிசம்பர் 5

அக்காவுக்கு,

இங்கே முழங்கால் வரை பனி. ஹீட்டருக்கு எண்ணெய் இருக்கிறது, கவலைப்படாதே.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் ஓதாகே என்பவன் என் கருநிலாவை எடுத்துக்கொண்டான். தன்னுடையது என்றான். என்னுடையது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை, எல்லாக் கார்டும் ஒரே மாதிரிதானே. அம்மா ஆலையிலிருந்து வந்த உடுப்போடு ஒரு டப்பா அரிசி வில்லையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், தலை குனிந்து வணங்கி, வாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒன்பதுக்கும் பெயர் எழுதினாள். "இனி எவனும் இத உன்கிட்டேர்ந்து எடுக்க முடியாது" என்றாள். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போது அவை வெறும் காகிதம், யாருக்குத் தெரியும்?

பல வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் இந்தக் கார்டுகளின் விலையைச் சொன்னார்கள். அம்மா மாடிப்படி ஏறி ஓடி வந்து கதவைத் தட்டினாள். முட்டி வலிக்காரி ஓடி வந்தாள். "நவோ, நம்ம கார்டுடா! நல்லவேளை பேர் எழுதி வச்சேன்!" என்றாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஆமாம்மா, நல்லவேளை" என்றேன்.

வேறு என்ன சொல்வது? ஒரு மகன் அறையை விட்டு வரவில்லை என்று ஊர் முன்னால் கூசிக்கொண்டிருந்தவள். அவளுக்குச் சந்தோஷம் என்று நான் கொடுத்தது அந்த ஒன்று. அது பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் போன பிறகு உன்னிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் உனக்கு அவள் மேல் ஏற்கனவே வருத்தம். இதையும் சேர்த்துக்கொள்வாயோ என்று பயந்தேன். என் மேல் கோபப்பட்டால் பரவாயில்லை, நான் இருக்கிறேன், பட்டுக்கொள்வேன்.

கார்டைக் கடைக்காரரே வைத்துக்கொள்ளட்டும். உனக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன். மன்னித்துவிடு.

நவோயா


கோகுரா,
டிசம்பர் 22

அன்புள்ள நவோவுக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

அம்மா மேல் எனக்கு வருத்தம் உண்டு. அது வேறு கணக்கு, நானும் அவளும் தீர்த்துக்கொள்வோம். அந்தப் பெயர்களுக்காக வருத்தம் இல்லை. தெரிந்துகொள்.

குரோதா கடைக்கு மறுபடி போனேன். உனக்குச் சேர வேண்டிய செய்தி ஒன்று சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "வெலதாம்மா போச்சு. பலம் எங்கயும் போகல. முதுகு தெரியாத உறையில போட்டுட்டா, பழைய விதிப்படி நடக்கற ஆட்டத்துல தாராளமா இறக்கலாம். சுத்தமான ஒன்பது வச்சிருக்கறவன்லாம் பெட்டகத்துல பூட்டி வச்சிருக்கான். கலைச்சா தேஞ்சுடும்னு பயம். ஆடறவன்லாம் நகல் எடுத்து ஆடறான். நிஜத்த வச்சு ஆடணும்னா இந்த மாதிரி கார்டுதான் வேணும். உங்க தம்பிய ஆடச் சொல்லுங்க."

பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு உங்கள் பக்கம் நீகாட்டாவில் பழைய விதி ஆட்டம் நடக்கிறதாம். முகவரி எழுதிய துண்டை உள்ளே வைத்திருக்கிறேன். ஒன்பதையும் சிவப்பு உறையில் போட்டு அனுப்புகிறேன். உறை என் செலவு.

போ என்று சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். போகாவிட்டால் கூரைப் பனியையாவது தள்ளு. பாரம் தாங்காமல் கூரை இடிந்து விழுந்தால் உனக்கு ஒளிந்துகொள்ள அறைகூட இருக்காது.

வரும் வருடம் நமக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கட்டும்.

அக்கா


கோகுரா,
ஜனவரி 30

நவோ,

சுகமாக இருக்கிறாயா? ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. செய்தியில் உங்கள் ஊர்ப் பனியைக் காட்டும்போதெல்லாம் கை வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்.

ஹோஷினோ அம்மா நேற்று போன் செய்தார்கள். "உங்க தம்பி எங்க வீட்டுக் கூரைப் பனியத் தள்ளிட்டுப் போயிருக்கான்மா. இவருக்கு முட்டி முடியல, ஆளு கெடைக்காம தவிச்சுக்கிட்டிருந்தோம். டீ போட்டுக் கொண்டாரதுக்குள்ள ஏணிய எறங்கி ஓடிட்டான், கள்ளன் மாதிரி!" என்று சிரித்தார்கள். அரைமணி நேரம் உன்னைப் பற்றியே பேசினோம்.

கயிறு கட்டிக்கொண்டு ஏறினாயா? அதை மட்டும் எழுது.

அக்கா


நகவோகா,
பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறினேன். நலமாக இருக்கிறேன். உடம்பெல்லாம் வலி, நல்ல வலி. தெருவில் எல்லார் வீட்டிலும் வயதானவர்கள்தான், கூரையேற ஆளில்லை. ஹோஷினோ அம்மா என் பெயரை எல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள். கூலி கொடுக்கிறார்கள். நீ பணம் அனுப்பாவிட்டாலும் இந்த மாதம் ஓடிவிடும். பனி உருகினால் என்ன செய்வேன் என்று கேட்காதே, தெரியவில்லை.

நீகாட்டாவுக்குப் போனேன்.

ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். மூன்றாவதில் ஏறிக் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தேன். ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் நீள மேசை போட்டிருந்தார்கள். எல்லாரும் என் வயதுதான், தொப்பை, வழுக்கை. அது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. யாரோடும் பேசவில்லை. முதல் ஆட்டம் தோற்றேன், இரண்டாவதும் தோற்றேன். விதியே பாதி மறந்துவிட்டது. கார்டுக்கு எவ்வளவு பலம் இருந்து என்ன, ஆடுகிற ஆள் வேண்டுமே.

மூன்றாவது ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் லாரி ஓட்டுகிறவராம், கணீரென்ற குரல். அவரிடம் இருந்த ஒன்பதும் நகல். தோற்கும் தறுவாயில் நான் மீள்பொழுதை இறக்கினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இது நகலு இல்லியே. அச்சு வேற மாதிரி இருக்கே. நிஜமா?"

தலையாட்டினேன்.

"அய்யோ! நிஜத்தயா கலைச்சு ஆடறீங்க? உறையக் கழட்டிக் காட்டுங்கண்ணே, புண்ணியமாப் போகும். நான் கண்ணால பாத்ததே இல்ல."

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. மேசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். கழற்றிக் கொடுத்தேன். முன்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திருப்பினார். அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் படித்தார்.

"மட்சுனாகா நவோயா! ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு!"

கார்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "இது யாருங்க?" என்று கேட்டார்.

அக்கா, பன்னிரண்டு வருடத்தில் வெளியாள் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். மேசையைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்" என்றேன். அது காதில் விழவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டார். "நான்தாங்க. எங்கம்மா எழுதினது" என்று உரக்கச் சொன்னேன்.

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எங்கம்மா என் ஜட்டியில எழுதிட்டாங்க. கார்டுல எழுதியிருந்தா நானும் பத்திரமா வச்சிருப்பேன்!" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு மேசைக்கு மேசை அந்தக் கார்டு கைமாறிப் போனது. போன ஒவ்வொரு கையும் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தைப் படித்தது. தொலைந்துவிடுமோ என்று எனக்குப் பயமே வரவில்லை. பெயர்தான் இருக்கிறதே. சுற்றிவிட்டுச் சரியாக என்னிடமே திரும்பி வந்தது.

அந்த ஆட்டமும் தோற்றேன். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் பத்தாம் தேதிக்கு வெள்ளைச் சட்டை தோய்த்து வைத்திருக்கிறேன். அப்பாவின் கறுப்புக் கோட்டு இடுப்பில் கொஞ்சம் இறுக்கம், சமாளித்துக்கொள்வேன். ஆனாலும் அன்று காலையில் படியிறங்கும்போது கால் நின்றுவிடுமோ என்று இருக்கிறது. நீ நேராகக் கோயிலுக்குப் போய்விடாதே. வீட்டு வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடு. இறங்கி வருகிறேன்.

உன் தம்பி,
மட்சுனாகா நவோயா
ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு